மறு: ஐ-க்யூ இம்பாலன்ஸ், டிசி ஆஃப்செட் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

> டிசி ஆஃப்செட் – நேர்மின் எதிரீடு
> ஐ-க்யூ இம்பாலன்ஸ் – ஐ-க்யூ சமனின்மை
> மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடலாமா?

மறுப்பு இருக்கிறது. 'எதிரீடு' என்றதும் பற்று வரவு ஞாபகம்தான் வருகிறது. வானொலி ஏற்பிக்குள் (ரிசீவர்) என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

நேரடி மாற்று ஏற்பியில், வரும் அலையை உள்ளிருக்கும் அலையியற்றியின் (ஆசிலேட்டர்) அலையோடு கலந்து நேரே சுழி அதிர்வெண்ணுக்கு இறக்குகிறோம். அலையியற்றியின் அலை கொஞ்சம் கசிந்து ஆன்டெனா பக்கம் போய்த் திரும்பி, கலப்பியில் தன்னோடு தானே கலந்துவிடும். அதனால் ஒரு நிலையான மின்னழுத்தம் உருவாகும். இதுதான் டிசி ஆஃப்செட். ஹேக்ஆர்எஃப் என்ற கணினிவழி வானொலிக் கருவியை வைத்திருப்பவர்கள், அதிர்வெண்களைக் காட்டும் திரையின் நட்டநடுவில் நிற்கும் முள்ளைப் பார்த்திருப்பீர்கள். ஆன்டெனாவைக் கழற்றினாலும் போகாது. இ4000 சில்லு போட்ட பழைய ஆர்டிஎல்-எஸ்டிஆர் யுஎஸ்பி ஏற்பியிலும் அந்த முள் உண்டு. ஆர்820டி சில்லில் இல்லை. அது சுழி வரை இறக்காமல் 3.57 மெகாஹெர்ட்சில் நிறுத்திக்கொள்கிறது.

டிசி ஆஃப்செட்டுக்குப் பெயர் நம் பள்ளி ஆய்வகத்திலேயே இருக்கிறது: சுழிப்பிழை. வெர்னியர் அளவியில் சுழிப்பிழையைக் குறியோடு கண்டுபிடித்து அளவீட்டிலிருந்து கழிப்போம். அந்தச் செயல் சுழித்திருத்தம். இங்கேயும் நெடுஞ்சராசரி எடுத்துக் கழிக்கிறோம். ஒரு வேறுபாடு உண்டு. வெர்னியரின் பிழை அசையாமல் கிடக்கும், இது வெப்பத்தோடும் பெருக்கத்தோடும் (கெயின்) மாறும். அந்த மாற்றத்துக்குச் 'சுழிநகர்வு' என்று தனிச்சொல் வைக்கலாம். கழிக்கும்போது நடுவில் இருக்கும் உண்மையான சைகையும் சேர்ந்து போய்விடும். வைஃபையில் தரவைச் சுமக்கும் பல சிறு அலைகளில் நடுவில் இருப்பதை, அதாவது நடுத் துணை ஊர்தியை (சப்கேரியர்), காலியாக விட்டிருப்பதற்கு இந்தத் தொல்லைதான் காரணம்.

'சமனின்மை'யில் எனக்குள்ள சிக்கல் வேறு. வரும் அலையை ஏற்பி பிரித்து எடுக்கும் ஐ, க்யூ என்ற இரண்டு கிளைகளும் ஒரே வீச்சில், சரியாக 90 பாகை இடைவெளியில் இருக்கவேண்டும். வீச்சு மாறினாலும் கெடும், கோணம் மாறினாலும் கெடும். சமனின்மை என்றால் முதலாவது மட்டும்தான் காதில் விழுகிறது.

சென்னையில் இருப்பவர்கள் 98.0 மெகாஹெர்ட்சில் நிறுத்திப் பாருங்கள். 98.3இல் பலமாக வரும் நிலையம், 97.7இலும் மெலிதாகத் தெரியக்கூடும். கிளைகள் ஒத்துப்போகாததால் வரும் இந்தப் போலிக்குப் பிம்பம் என்று பெயர். நிறுத்தத்தை 97.9க்கு நகர்த்தினால் நிஜ நிலையம் 98.3இலேயே இருக்கும், பிம்பம் 97.5க்கு ஓடிவிடும். கோணம் 1 பாகை தவறினாலே, மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும், பிம்பம் சுமார் 41 டெசிபெல்தான் தாழ்ந்திருக்கும். வீச்சில் 1 டெசிபெல்லும் கோணத்தில் 5 பாகையும் தவறினால் அந்தத் தாழ்வு 23 டெசிபெல்லுக்கு வந்துவிடும். பக்கத்தில் பலவீனமான நிலையம் இருந்தால் அதன் கதி அவ்வளவுதான்.

என் பரிந்துரை 'கிளைப்பிசகு'. அதன் கீழே 'வீச்சுப்பிசகு', 'கோணப்பிசகு'. முதலில் 'இணைப்பிசகு' என்றுதான் நினைத்தேன். ஒயர் இணைப்பில் கோளாறு என்று படித்துவிடுவார்கள். பிசகு பேச்சுவழக்கு என்று யாராவது சொல்லக்கூடும். 'அளவு பிசகிவிட்டது' என்று தச்சர் சொல்வதும் இதே பொருளில்தானே. கோணம் என்ற சொல்லை வேண்டுமென்றே எடுத்திருக்கிறேன்: 'ஃபேஸ்' என்பதற்கு இங்கே கட்டம், இலங்கைப் பாடநூல்களில் அவத்தை என்று பிரிந்துகிடக்கும் வழக்கில் மாட்டாமல் தப்பிக்கலாம்.

அகலப்பட்டை ஏற்பிக்கு இன்னொரு சொல்லும் வேண்டும். குறும்பட்டையில் ஒரு வீச்சு எண், ஒரு கோண எண் போதும், திருத்திவிடலாம். 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குப் போனால் இரு கிளைகளின் வடிகட்டிகளும் அச்சாக ஒன்றுபோல் இருக்காது. பிசகு ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஒவ்வொரு அளவாகிவிடும். அப்போது ஒற்றை எண்ணால் முடியாது, ஒரு திருத்த வடிகட்டியே எழுதவேண்டும். இதை 'அதிர்வெண்சார் கிளைப்பிசகு' என்கலாம். நீளம்தான், ஆனால் குறுக்கினால் பொருள் போய்விடுகிறது.

கலைச்சொல் பட்டியலில் சுழிப்பிழைக்குப் பக்கத்தில் இலங்கை வழக்கான 'பூச்சிய வழு'வையும் போடலாமா? அங்கே மின்னணுவியல் கற்பிப்பவர்கள் யாராவது சொன்னால் அதன்பிறகு ஏற்றிவிடலாம்.