மாலை ஆறு மணிப் பேயாட்டம்: நாய்க்குட்டி வளர்த்த வீடுகளின் அனுபவங்கள்

சத்துவாச்சாரியிலிருந்து:

சென்ற மார்கழியில் வேலூரில் எங்கள் தெருமுனையில் நெடுநாளாகப் பூட்டிக் கிடக்கும் கடையின் படிக்கட்டுக்கு அடியில் ஒரு தெருநாய் ஐந்து குட்டிகளை ஈன்றது. தை முடிவதற்குள் அவற்றில் இரண்டு வண்டியில் அடிபட்டுப் போயின. மிச்சமிருந்தவற்றில் ஒன்றை, என் மகன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் அடம்பிடித்ததால், மாசி முதல் வாரத்தில் வீட்டுக்குத் தூக்கி வந்தோம். அப்போது அதற்கு எட்டு வார வயது. பிசைந்த கேழ்வரகு மாவின் நிறத்தில் இருந்ததால் மகன் அதற்கு ராகி என்று பெயர் வைத்தான். என் மாமியாருக்கோ ராகி என்ற சொல்லே வாயில் வராது. அவர் அதைக் கேவுரு என்றுதான் அழைத்தார்.

ஒரே வாரத்தில் எங்கள் தோல்வி தெரிந்துவிட்டது. நாங்கள் மூவரும் மாறி மாறி "ராகி, ராகி" என்று தொண்டை வறளக் கூப்பிட்டாலும் காதைக்கூட அசைக்காத குட்டி, மாமியார் அடுப்படியிலிருந்து மெல்லக் "கேவுரு" என்றால் தரையில் வழுக்கிக்கொண்டே ஓடியது. யோசித்துப் பார்த்ததில் காரணம் எளிதாகவே விளங்கியது. அவர் அழைத்தபோதெல்லாம் அவர் கையில் தின்பதற்கு ஏதாவது இருந்தது. நாங்கள் அழைத்ததோ பெரும்பாலும் அதன் வாயிலிருந்து செருப்பைப் பிடுங்குவதற்கும், ஈரம் செய்த இடத்தைக் காட்டித் திட்டுவதற்கும்தான். திட்டு வாங்குவதற்காக யார்தான் ஓடி வருவார்கள்? வீட்டில் எல்லோரும் கேவுருவுக்கே மாறினோம். பெயர் சொல்லி அழைத்தபின் திட்டுவதில்லை என்றும் முடிவு செய்தோம்.

ஆனால் நான் இங்கே விரிவாகச் சொல்ல வந்தது மாலை ஆறு மணியைப் பற்றி. விளக்கு வைக்கும் நேரம் வந்தால் இதற்குப் பேய் பிடித்துவிடும். கண்களில் ஒரு மினுமினுப்பு வந்து, காதுகளைப் பின்னுக்குச் சாய்த்து, கூடத்துக்கும் தாழ்வாரத்துக்குமாகப் பத்து முறை சுற்றி ஓடி, கடைசியில் யாருடைய கணுக்காலிலாவது போய்ப் பல்லைப் பதிக்கும். என் புடவைத் தலைப்பைக் கவ்விக்கொண்டு, நான் நடக்க நடக்கத் தரையோடு இழுபட்டு வரும். ஓடியாட இடம் போதவில்லை, தெம்பு மிச்சமிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு நாங்கள் மேலும் விளையாட்டுக் காட்டினோம். கயிறு இழுத்தோம், பந்து உருட்டினோம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் துணைக்கு அழைத்தோம். கடி குறையவில்லை, கூடியது.

அப்படியான ஒரு மாலையில்தான் மகனின் கெண்டைக்காலில் பல் பட்டு ரத்தம் வந்தது. நாய்க்குட்டியின் பால் பற்கள் தையல் ஊசியைப் போன்றவை. கோபமே இல்லாமல் கவ்வினாலும் தோலைக் கிழித்துவிடும். குட்டிதானே, மஞ்சள் வைத்தால் போதும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நாங்கள் அதைக் கேட்கவில்லை. வெறிநோய்த் தடுப்பூசியை நாய்க்கு மூன்று மாதம் நிறைந்த பிறகே போடுவார்கள். எங்கள் குட்டிக்கு அப்போது பத்து வாரம்தான் ஆகியிருந்தது, அதன் தாயோ ஊசியே அறியாத தெருநாய். காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கடிகாரம் பார்த்துக் கழுவிவிட்டு, அன்று இரவே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். முதல் ஊசி போட்ட நாளை 0 என்று கொண்டு, 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி போட்டுக்கொண்டான். குட்டி வளர்ப்பவர்கள் வேறு எதில் அலட்சியமாக இருந்தாலும் இதில் இருக்க வேண்டாம்.

குட்டிக்கு ஊசி போடப் போன இடத்தில் இந்த ஆறு மணிக் கதையைச் சொன்னபோது, கால்நடை மருத்துவர் கடியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தூங்குதும்மா?" என்றுதான் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. மறுநாள் தினசரி நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் குறித்துக் கூட்டிப் பார்த்தேன். 11 மணி நேரம். அந்த வயதுக் குட்டி 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் அது எப்படித் தூங்கும்? காலையில் பள்ளிக்குக் கிளம்பும்வரை மகன், அவன் போனபின் மாமியார், பிறகு பால்காரர், கீரைக்காரம்மா, குக்கர் விசில், மாலையில் மறுபடி மகனும் அவன் நண்பர்களும். அது கண்ணை மூடிச் சுருண்ட போதெல்லாம் யாரோ ஒருவர் "அய்யோ, எவ்வளவு அழகு" என்று வாரி எடுத்துக்கொண்டிருந்தோம். தூக்கம் கெட்ட கைக்குழந்தை அழும். கை இல்லாத இந்தக் குழந்தை கடித்தது. எதிரே இருந்தது வெறும் அசதி என்று அறியாமல், அதற்கு மேலும் மேலும் விளையாட்டை ஊட்டியிருக்கிறோம்.

கட்டிலுக்கு அடியில் பழைய கோணியை விரித்து, மூன்று பக்கமும் அட்டைப்பெட்டி வைத்து மறைத்து, அதற்குள் படுத்திருக்கும்போது அதைத் தொடுவதில்லை என்று வீட்டில் சட்டம் போட்டேன். ஒரு மணி நேரம் விழித்திருந்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தூக்கம். முதலில் அரை மணி நேரம் முனகியது. என் மாமியார் மனம் தாங்காமல் இரண்டு முறை சட்டத்தை மீறினார். ஐந்தாம் நாள் மாலை ஆறு மணிக்குக் கூடத்தில் அமைதியாக இருந்ததைக் கண்டு, குட்டி வெளியே ஓடிவிட்டதோ என்று நான் தேடினேன். அது கோணியில் மல்லாந்து கிடந்தது, பின்னங்கால் ஒன்று மட்டும் கனவில் உதறிக்கொண்டிருந்தது.

கடி முழுவதும் நின்றுவிடவில்லை. மிச்சத்தை மகன் சரிசெய்தான். ரத்தம் பார்த்தபின் பத்து நாள் அவன் சோபாவை விட்டு இறங்கவே இல்லை. மருத்துவர் சொன்னபடி அவனுக்கு "மரம்" என்ற விளையாட்டைக் கற்றுக்கொடுத்தேன். குட்டி பாய்ந்து வந்தால் ஓடக் கூடாது, கத்தக் கூடாது. கைகளைக் கட்டிக்கொண்டு, விட்டத்தைப் பார்த்தபடி மரமாக நிற்க வேண்டும். ஓடும் காலைத் துரத்துவதுதான் அதற்குச் சுவை, அசையாத காலில் அதற்கு என்ன வேலை? அது சலித்துப்போய் நான்கு காலும் தரையில் பட நின்ற கணத்தில், வேகவைத்த முட்டையில் ஒரு நகக்கண் அளவு கிள்ளிப் போடுவான். யார் யாரைப் பழக்கினார்கள் என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

கழிப்பறைப் பழக்கத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. தூங்கி எழுந்தவுடன், தின்றவுடன், விளையாடி முடித்தவுடன் என்ற மூன்று வேளைகளிலும் கொல்லைப்புறத்துக்குத் தூக்கிச் சென்றால் பாதி வேலை முடிந்தது. ஈரம் செய்த இடத்தில் அதன் மூக்கைத் தேய்ப்பதெல்லாம் வீண் கொடுமை.

தோலைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டங்களில் இந்தச் சிக்கல் பல வீடுகளில் இருக்கும். என் கணவருக்கு ராணிப்பேட்டையில் ஒரு தோல் பொருள் கூடத்தில் வேலை. அவர் உடம்பிலும் பையிலும் அந்த வாசனை ஊறியிருக்கும். பல் விழுந்து முளைக்கும் நான்காம் மாதத்தில் ஈறு தினவெடுத்த குட்டிக்கு அவர் மாலையில் வீட்டுக்குள் நுழைவதே ஒரு விருந்து. ஐந்து ஜோடிச் செருப்புகள் போனபின், கடிக்கட்டும் என்று வெட்டிக் கழித்த தோல் துண்டுகளை அவரே கொண்டுவந்தார். நல்லவேளையாக முதலில் மருத்துவரிடம் கேட்டோம். செருப்புத் தோல் பெரும்பாலும் குரோமியம் உப்புகளால் பதனிடப்படுவது, சாயமும் பசையும் வேறு இருக்கும், அதை மென்று விழுங்க விடக் கூடாது என்றார். மேலும், எந்தத் தோல் தன்னுடையது, எது வீட்டுக்காரருடையது என்று குட்டி எப்படிப் பிரித்தறியும்? இப்போது பழைய துணித்துண்டை நனைத்து முறுக்கி, ஃப்ரீசரில் வைத்து எடுத்துக் கொடுக்கிறோம். செருப்புகள் பரணில் இருக்கின்றன.

சித்திரை பிறந்தபின் வேறு கவலை வந்தது. வேலூர் வெயிலைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 40 டிகிரியைத் தாண்டிய பகலில் வாங்கிய சூட்டைச் சுற்றிலும் உள்ள பாறைக் குன்றுகள் இரவெல்லாம் திருப்பித் தருகின்றன. நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் குட்டியின் பாதத்தையும் அங்கே வைக்கக் கூடாது என்ற கணக்கில் பார்த்தால், காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை அது வீட்டுச் சிறைதான். அப்போது கைகொடுத்தது முறம். பழைய நாளிதழைக் கசக்கி இருபது உருண்டைகளாக்கி முறம் நிறையப் பரப்பி, இடையிடையே உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துணுக்குகளை ஒளித்து வைப்பேன். குட்டி மூக்கை நுழைத்து, உருண்டையைத் தள்ளி, தும்மி, ஒன்றைக் கண்டுபிடித்து, மறுபடி நுழைக்கும். பத்து நிமிட மோப்பத்துக்குப் பிறகு அரை மணி நேரம் ஓடியதைப் போல அயர்ந்து படுத்துவிடுகிறது.

குடியாத்தத்திலிருந்து:

மேலே எழுதிய சகோதரியின் வீட்டில் செருப்பு. எங்கள் வீட்டில் நூல். கூடத்திலேயே கைத்தறி இருக்கிறது. ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடா இப்படியும் அப்படியும் பறப்பதை எங்கள் குட்டி முதல் நாளிலிருந்தே தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும். நாங்களும் அதைக் கண்டு சிரித்துக்கொண்டிருந்தோம். ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் கழிவு நூலை விழுங்கிவிட்டது. இரண்டு முறை வாந்தி எடுத்தது, மறுநாள் உண்ணவில்லை, ஆசனவாயில் ஒரு முழ நூல் தொங்கியது. என் நைனா அதைப் பிடித்து இழுக்கப் போனார். பக்கத்துத் தெருவில் ஆடு வளர்ப்பவர் ஓடிவந்து தடுத்திராவிட்டால் குட்டி பிழைத்திருக்காது. நூலின் மறுமுனை உள்ளே எங்காவது சிக்கியிருந்தால், இழுக்க இழுக்கக் குடல் சுருங்கி, நூல் குடலையே அறுத்துவிடும் என்று பிறகு அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் சொன்னார். நூல் வெளியே தெரிந்தால் தொடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அதன்பிறகு நாங்கள் கற்றுக்கொடுத்த ஒரே பாடம் "விடு". வாயில் இருப்பதைப் பிடுங்கினால் அடுத்த முறை பிடுங்குவதற்கு முன் விழுங்கிவிடுகிறது. ஆகவே பிடுங்குவதில்லை, பண்டமாற்று செய்கிறோம். மூக்கின் அருகே கருவாட்டுத் துண்டை நீட்டி, வாய் தானாகத் திறக்கும்போது "விடு" என்கிறோம். உப்பு அதிகம் என்பதால் கருவாட்டைக் கழுவி ஊறவைத்து, கடுகளவே தருகிறோம். இப்போது நூல் சுற்றிய தார்க்கட்டையைக் கவ்விக்கொண்டு தானாகவே விலை பேச வருகிறது.

அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து:

தூக்கத்துக்குக் கணக்கெழுதும் பழக்கம் எங்கள் ஊரில் இல்லை. களத்துமேட்டில் வளரும் குட்டி வேண்டிய நேரத்தில் வைக்கோல்போரில் படுத்துக்கொள்கிறது, அதை யாரும் தூக்கிக் கொஞ்சுவதும் இல்லை. வீட்டுக்குள் அடைத்து வளர்ப்பதால் வரும் தொல்லைகள் இவை என்பது என் எண்ணம். ஆனாலும் சத்தத்தைப் பற்றி நான் ஒன்று சொல்ல முடியும். எங்கள் ஊரில் எருது விடும் விழா வந்தால் பறையும், ஒலிபெருக்கியும், வேலியோரம் நிற்கும் கூட்டத்தின் கூச்சலும் காலையிலிருந்து ஓயாது. முன்பு வளர்த்த நாய் அப்படி ஒரு விழாவன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிப்போய்த் திரும்பி வரவே இல்லை. இந்தக் குட்டிக்கு மூன்று வாரம் முன்பிருந்தே, சோறு வைக்கும்போதெல்லாம் கைப்பேசியில் பறைச் சத்தத்தை மிக மெல்லிதாக வைத்து, நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டினேன். விழாவன்று அது மாட்டுக் கொட்டகையின் மூலையில் போய் ஒடுங்கிக்கொண்டது உண்மைதான். ஆனால் ஓடவில்லை, பிற்பகலில் வைத்த சோற்றையும் தின்றது.

மீண்டும் சத்துவாச்சாரியிலிருந்து:

அணைக்கட்டு அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டை ஒட்டிய வீட்டில் களத்துமேட்டுக்கு நான் எங்கே போவேன்? சத்தத்துக்கு நாங்களும் முன்பே பழக்கியிருந்தோம். ஊசிகள் முடியும்வரை குட்டியைத் தெருத் தரையில் விடக் கூடாது என்றதால், மாலை வேளைகளில் இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று லாரிகளையும் பேருந்துகளையும் வேடிக்கை காட்டுவோம். பிள்ளைக்குச் சோறூட்டுகிற மாதிரி நிற்கிறாளே என்று தெருவில் சிரித்தார்கள்.

சென்ற வாரம் மாமியார் கூடத்தைப் பெருக்கும்போது முறத்தில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. அரிசி என்று எண்ணிக் கையில் எடுத்தவர் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, கேவுரு பல்லு கொட்டிக்கினு கீது" என்று மகனை அழைத்தார். தன் பல் விழுந்தபோது செய்ததைப் போலவே அவன் அதைச் சாணி உருண்டைக்குள் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கூரைமேல் எறிந்தான். கேவுரு அந்த உருண்டையைப் பிடிக்கத் துள்ளி, எட்டாமல், மேலே பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தது.