இரும்புச்சத்து மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஏன்? அந்த நுரையீரல் டாக்டர் யார்?

கயல்_தேனி:
ஹீமோகுளோபின் 8.9 வந்திருக்கிறது. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொன்னார். அம்மாவுக்கு நம்பிக்கையே வரவில்லை. "உன்னைச் சுமந்தபோது நான் தினமும் போட்டேன், இவர் என்ன பாதியாகக் குறைக்கிறார்?" என்று இரண்டு நாளாக ஒரே பாட்டு. தேடிப் பார்த்தால் ஹெப்சிடின் என்று ஒரு ஹார்மோன்தான் காரணமாம். டோமஸ் கான்ஸ் என்ற பெயரும் வந்தது. அவர் நுரையீரல் டாக்டர் என்று போட்டிருக்கிறது. நுரையீரலுக்கும் இரும்புக்கும் என்ன சம்பந்தம்? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

முருங்கைமரம்:
மாத்திரையே வேண்டாம் தோழி. முருங்கைக்கீரை, பேரீச்சை, கேழ்வரகு. ஒரே மாதம்.

பழைய லேப்காரன்:
முருங்கை நண்பரே, கீரை நல்லதுதான். ஆனால் 8.9 இருக்கிற பெண்ணிடம் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

கயல், நான் 31 வருடம் ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்தவன். அதனால் இந்தக் கதை எனக்குத் தனிப் பிரியம், ஏனென்றால் இது சிறுநீரில் ஆரம்பிக்கிறது. நாங்கள் ரிப்போர்ட் எழுதி முடித்ததும் சிங்கில் கொட்டுவோமே, அதே சமாச்சாரம்.

கான்ஸ் லாஸ் ஏஞ்சலஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்காரர். நுரையீரல் டாக்டர்தான், ஆனால் கிருமியை உடம்பு எப்படிக் கொல்கிறது என்பதுதான் அவர் ஆராய்ச்சி. வெள்ளையணுக்களில் இருக்கும் டிஃபென்சின் என்ற கிருமிக்கொல்லிப் புரதங்களை 1985-ல் விவரித்த குழுவில் அவரும் ஒருவர். அதே தேடலில்தான் மனிதச் சிறுநீரை அலசினார்கள். 25 அமினோ அமிலம் மட்டுமே உள்ள ஒரு பொடிப் புரதம் கிடைத்தது. கல்லீரலில் உருவாகிறது, கிருமியைக் கொல்கிறது, ஆகவே ஹெப்சிடின் என்று 2001-ல் பெயர் வைத்தார்கள். சிறுநீர் கொடுத்தவர்களில் ஒருவருக்கு நடுவில் தொற்று வந்தபோது இதன் அளவு எகிறிவிட்டது. இரும்பைப் பற்றி அப்போது அவர்கள் யோசிக்கவே இல்லை.

அதே வருடம் பாரிஸில் சோஃபி வோலோன் குழு வேறு ஏதோ ஒரு மரபணுவை எலிகளில் முடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த எலிகளின் கல்லீரலில் இரும்பு மண்டிவிட்டது. துருவிப் பார்த்தால், அவற்றில் ஹெப்சிடின் உருவாவதே நின்றிருந்தது! அப்புறம் கான்ஸும் அவருடைய சக ஆய்வாளர் எலிசபெட்டா நெமெத்தும் இதை விடவில்லை. குடல் செல்லிலிருந்து இரும்பு ரத்தத்துக்குப் போக ஒரே வாசல்தான், பெயர் ஃபெரோபோர்ட்டின். ஹெப்சிடின் அந்தக் கதவுக்குப் பூட்டுப் போடுவதில்லை, கதவையே பெயர்த்து செல்லுக்குள் இழுத்து அழித்துவிடுகிறது. இது 2004-ல் தெரிந்தது.

இப்போது உங்கள் மாத்திரைக்கு வருவோம். உடம்புக்கு வேண்டாத இரும்பை வெளியே தள்ள வழி கிடையாது, அதனால் உள்ளே விடுவதில் படு கறார். 60 மில்லிகிராம் இரும்பு இறங்கினால் ஹெப்சிடின் ஏறி, சுமார் 24 மணி நேரம் அப்படியே நிற்கிறது. மறுநாள் மாத்திரைக்குக் கதவுகள் குறைவாகத்தான் இருக்கும். சூரிச்சில் இரும்பு இருப்பு குறைந்த இளம்பெண்களுக்கு ஒரே அளவாக 14 வேளை கொடுத்துப் பார்த்தார்கள். தினமும் போட்டவர்கள் உடம்பில் சேர்ந்தது 16.3 சதவீதம், ஒருநாள் விட்டுப் போட்டவர்களுக்கு 21.8. முடிவு வெளியானது 2017-ல். அதற்காக அம்மா செய்தது தப்பில்லை. கர்ப்பகாலக் கணக்கே வேறு, இப்போதும் தினமும்தான் கொடுக்கிறார்கள்.

கயல்_தேனி:
ரொம்ப நன்றி ஐயா. இன்னொன்று. பெரியம்மாவுக்குப் பத்து வருடமாக முடக்குவாதம். எத்தனை மாத்திரை போட்டாலும் ரத்தம் ஏறவில்லை. அதுவும் இதனாலா?

பழைய லேப்காரன்:
இருக்கலாம் அம்மா. அழற்சி இருந்தாலும் ஹெப்சிடின் ஏறும். கிருமிக்கும் இரும்பு வேண்டும் இல்லையா, அதனால் தொற்று வந்தால் உடம்பு இரும்பை ஒளித்துவைக்கிறது. முடக்குவாதத்தில் கிருமி இல்லை, ஆனாலும் உடம்பு அதே ஒளித்துவைக்கும் வேலையைச் செய்கிறது. சேமிப்பில் இருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஏகத்துக்கு இருக்கும், ஹீமோகுளோபின் மட்டும் ஏறாது. அப்படி வந்த ரிப்போர்ட்டுகளை லேப் தப்பு என்று டாக்டர்கள் திருப்பி அனுப்ப, நான் மறுபடி மறுபடி ஓட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே எண். திட்டு மட்டும் எனக்கு. பெரியம்மாவுக்கு ஃபெரிட்டினோடு, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனையும் எடுக்கலாமா என்று வாதநோய் டாக்டரிடமே கேளுங்கள்.

அப்புறம், மாத்திரையைக் காபியோடு போடாதீர்கள். எலுமிச்சைச் சாறு போதும்.

கயல்_தேனி:
காபி! அதுதான் செய்துகொண்டிருந்தேன். தினசரி காலண்டரில் ஒற்றைப்படைத் தேதிக்கெல்லாம் 'மா' எழுதிவிட்டேன். 31-க்கு மறுநாள் 1 வருகிறதே என்று அம்மாதான் பிடித்தார். அதை மட்டும் அடித்துவிட்டோம்.