தென்னாப்பிரிக்காவின் டர்பன் புறநகர்களை நடையாலும் சைக்கிளாலும் இணைக்க: மூன்று புறநகர்க்காரர்கள் களத்தில் கண்டவை

சாட்ஸ்வொர்த்திலிருந்து

வரைபடத்தை விரிக்கும் முன்பு ஒற்றையடிப் பாதைகளைத் தேடிப் போங்கள். இனம்வாரியாகக் குடியிருப்பை ஒதுக்கிய 1950-இன் குழுப் பகுதிகள் சட்டமும் அக்கால நிறவெறிக் கொள்கையும் இந்தியர்களின் சாட்ஸ்வொர்த்தையும் கறுப்பினரின் உம்லாசியையும் அருகருகே வைத்துக்கொண்டே பிரித்தன. நடுவே பள்ளத்தாக்கும் வெற்றுநிலமும் விட்டார்கள். குறுக்கே போகச் சாலை அதிகம் வைக்கவில்லை. வேலைக்கும் கடைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் புல்லை மிதித்தே தடம் போட்டுவிட்டார்கள். எந்தக் கணக்கெடுப்பையும்விட அந்தத் தடத்தை நம்பலாம். அதை விட்டுவிட்டு 300 மீட்டர் தள்ளி அழகான பாதை போட்டால் அதில் ஆள் நடக்காது.

அந்தத் தடத்தில் போகிறவர்களை எண்ணும்போது பள்ளி நடக்கும் வாரத்தில், செவ்வாய் முதல் வியாழன் வரை, காலை 5.30 முதல் 8.30, மதியம் 2 முதல் 6 வரை 15 நிமிடத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். குழந்தை, முதியவர், சுமையோடு வருபவர், சைக்கிள் என நான்கும் தனித்தனிப் பத்தியில் வரட்டும். மொத்த எண்ணிக்கை மட்டும் இருந்தால் எங்கே படி வேண்டும், எங்கே சாய்தளம் வேண்டும் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைக் கோயில் கூட்டத்தையும் மாதத் தொடக்கத்தின் அரசு உதவித்தொகை நாட்களையும் வேறாக எண்ண வேண்டும்.

நம் ஊரில் மேடுதான் பெரிய எதிரி. சமதளத்தில் 15 நிமிடத்துக்கு நடையில் 1.2 கிலோமீட்டர், சைக்கிளில் 4 கிலோமீட்டர் வரை போகலாம். சரிவு 5 விழுக்காட்டைத் தாண்டி நீண்டால் சைக்கிள்காரர் இறங்கித் தள்ளுவார். அவருக்கு மலையின் இடுப்பைச் சுற்றிப் பாதை கொடுங்கள். நடப்பவருக்கு நேராகப் படிக்கட்டு கொடுங்கள். இரண்டுக்கும் ஒரே பாதை என்று பிடிவாதம் பிடித்தால் இருவருமே விலகிப் போவார்கள். படி ஓரத்தில் சைக்கிள் உருட்டும் பள்ளம் வைப்பதானால் கைப்பிடிச் சுவரிலிருந்து 35 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள். ஒட்டி வைத்தால் ஹேண்டில்பார் சுவரில் இடிக்கும்.

பீனிக்ஸிலிருந்து

சாட்ஸ்வொர்த் அண்ணா சொன்ன தடம் சரி. நான் சேர்க்க விரும்புவது பாதை சாலையைச் சந்திக்கும் மூட்டுகளைப் பற்றி. 6 கிலோமீட்டர் பாதை நன்றாக இருந்து, சாலையைக் கடக்கும் 14 மீட்டர் மோசமாக இருந்தால், தாய் தன் பிள்ளையை அந்த வழியில் அனுப்ப மாட்டாள். ஆகவே வேலையைக் குறுக்குச் சாலைகளில் தொடங்கி, நடுவில் உள்ள நேர்நீளத்தைக் கடைசியில் போடுங்கள்.

நான்கு வழிச் சாலை 14 மீட்டர் என்றால் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 12 நொடியில் கடப்பார். மெல்ல நடக்கும் ஆயாவுக்கு 0.8 மீட்டர்தான், அவருக்கு 17.5 நொடி ஆகும். சிக்னலை ஆயாவுக்குத்தான் வைக்க வேண்டும். நடுவில் நிற்கும் திட்டு 2 மீட்டருக்குக் குறையக் கூடாது. சைக்கிளே கிட்டத்தட்ட 1.8 மீட்டர் நீளம். குறைந்தால் பின்சக்கரம் வண்டிப் பாதையில் நீட்டி நிற்கும்.

ஆள் சேர்த்து ஏற்றிப் போகும் மினிபஸ் டாக்சி நிற்கும் இடத்தை முதல் நாளே ஒதுக்குங்கள், இரண்டு வண்டிக்கு ஏறத்தாழ 15 மீட்டர். ஒதுக்காவிட்டால் டாக்சி உங்கள் பாதைமேல்தான் ஏறும். குற்றம் ஓட்டுநருடையதல்ல, வரைந்தவருடையது. கார் நுழையாமல் நடும் தூண்களுக்கு இடையே 1.5 மீட்டர் விடுங்கள். அதைவிட மிகவும் நெருக்கினால் சக்கர நாற்காலியும் பெட்டி கட்டிய சைக்கிளும் திணறும்.

டோங்காட்டிலிருந்து

மழையைப் பற்றி யாரும் எழுதவில்லையே. இந்தக் கரையோரத்துச் சிவப்பு மணலில் தண்ணீர் ஓரிடத்தில் சேர்ந்தால் ஒரே மழையில் பாதையின் ஓரம் அரித்துப் போகும். டர்பனைத் தாக்கிய 2022 ஏப்ரல் வெள்ளத்தை நினைத்துக்கொண்டு வரையுங்கள். ஓடையைக் கடக்கும் இடத்தில், பாதைக்கு அடியில் நீர் போகும் குழாயில் நாணலும் குப்பையும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும், பிறகு தண்ணீர் பாதைமேல் வழியும். அதைத் தடுக்கப் பார்க்காமல், எங்கே வழியலாம் என்று நீங்களே தீர்மானித்து அந்த இடத்தைச் சற்றுத் தாழ்த்திக் கான்கிரீட் போடுங்கள். நீர் இறங்கும் பக்கத்தில் ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தடுப்புச் சுவரும், அதன் அடியில் பெருங்கல்லும் வேண்டும்.

மற்ற இடத்தில் 150 மில்லிமீட்டர் சரளையை நன்றாக அமுக்கி, அதன்மேல் 25 மில்லிமீட்டர் மணல், 60 மில்லிமீட்டர் இன்டர்லாக் கல். இரண்டு ஓரமும் கான்கிரீட் விளிம்பால் பிடிக்கப்பட வேண்டும்; விளிம்பில்லாத கல் இரண்டு மழைக்காலத்தில் பிரிந்து ஓடும். குறுக்குச் சாய்வு 2 விழுக்காடு. வடிகால் மூடியின் கம்பிகள் போகும் திசைக்குக் குறுக்காக இருக்கட்டும். நீளவாக்கில் இருந்தால் சைக்கிள் சக்கரம் இறங்கிவிடும்.

மறுபடி சாட்ஸ்வொர்த்

தைப்பூசக் காவடியையும் கணக்கில் வையுங்கள். ஜனவரி, பிப்ரவரி வெயிலில் கறுப்புத் தார் வெறுங்காலைப் பொசுக்கும். ஊர்வலம் போகும் நீளத்துக்கு வெளிர்நிறக் கல் பாவி, நிழல்மரம் நடுங்கள். தேர் வரும் வாசலில் தூணைக் கழற்றி வைக்கும்படி அமையுங்கள். சாவி கோயிலிலும் மாநகராட்சிக் கிடங்கிலும் இருக்கட்டும்.

பீனிக்ஸ் அக்கா சொன்ன மூட்டுகளில் நிலச் சொந்தக்காரரும் மாறுவார். என்-2 நெடுஞ்சாலை தேசியச் சாலை நிறுவனமான சான்ராலுடையது, பயணிகள் ரயில் நிலம் பெரும்பாலும் பயணிகள் ரயில் நிறுவனமான பிராசாவுடையது, உள்ளூர்ச் சாலை பெரும்பாலும் டர்பனை ஆளும் இதெக்வினி மாநகராட்சியுடையது. மூவரின் எழுத்து அனுமதியும் கைக்கு வருமுன் கல் இறக்காதீர்கள். அதே கடிதத்தில் புல் வெட்டுவது யார், விளக்கின் செம்புக் கம்பி திருடு போனால் மாற்றுவது யார் என்பதையும் பெயர் போட்டு எழுதி வாங்குங்கள். டர்பன் கோடையில் ஆறு வாரம் வெட்டாமல் விட்டால் புல் இடுப்புயரம் வளர்ந்து, 3 மீட்டர் பாதை 2 மீட்டராகிவிடும்.