தாத்தாவின் கிண்டி ரேஸ் நோட்டு: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். பரணில் தாத்தாவின் பழைய நோட்டு ஒன்று கிடைத்தது. முழுக்க முழுக்க கிண்டி குதிரைப் பந்தயக் கணக்கு. (வீட்டில் 'கோயிலுக்குப் போகிறேன்' என்று சொல்லிவிட்டுத்தான் போவாராம்!)

பணம் கட்டும் வகைகள் ஓரளவு புரிகின்றன. 'வின்' முதலிடத்துக்கு. 'பிளேஸ்' என்றால் முதல் இரண்டு, மூன்று இடங்களுக்குள் வந்தாலே போதும். 'குயினெல்லா'வில் முதல் இரண்டு குதிரைகள் எப்படி வந்தாலும் சரி, 'ஃபோர்காஸ்ட்'டில் வரிசையும் சரியாக இருக்க வேண்டும். 'டனாலா'வில் முதல் மூன்றும் வரிசை பிசகக் கூடாது. '5/2' என்ற பந்தய விகிதம்தான் வெகுநேரம் குழப்பியது: 100 ரூபாய் கட்டி ஜெயித்தால் லாபம் 250, கட்டிய 100-ம் திரும்பி வரும். 'நெக்', 'ஷார்ட் ஹெட்' எல்லாம் ஜெயித்த இடைவெளி.

சிக்கியது இரண்டு இடத்தில். குதிரைப் பெயருக்கு முன்னால் '0-2-1-4' என்று இருக்கிறது. முந்தைய ஓட்டங்களின் இடங்கள்தானே? அப்படியானால் கடைசி ஓட்டம் இடக்கோடியா, வலக்கோடியா? அப்புறம், '56½' என்பது ஹேண்டிகேப் எடை (போட்டி சமமாக இருக்க ஒவ்வொரு குதிரையும் சுமக்க வேண்டிய எடை) கிலோவில் என்று நினைக்கிறேன். பயிற்சியில் இருக்கும் ஜாக்கிக்கு (குதிரை ஓட்டுபவருக்கு) தரும் எடைச் சலுகையைக் கழித்த பிறகா, கழிக்கும் முன்பா?

பழைய மெட்ராஸ் ரேஸ் புத்தகம் யாரிடமாவது இருந்தால் ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்.