போத்தலில் அடைத்த முந்திரிகை வைனில் மண்டி படிகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி (உரும்பிராய்)

எங்கள் வளவுப் பந்தலில் காய்த்த கறுப்பு முந்திரிகைப் பழம் (திராட்சை) 5 கிலோவை மசித்து, 2 கிலோ சீனியும் 5 லீற்றர் கிணற்றுத் தண்ணீரும் பாணுக்குப் பாவிக்கும் ஈஸ்ட் ஒரு தேக்கரண்டியும் சேர்த்து, சாடியில் 21 நாட்கள் வைத்திருந்தேன். பின்னர் துணியில் இரு முறை வடித்துப் பத்துப் போத்தல்களில் அடைத்தேன். அப்போது சற்றுக் கலங்கலாக இருந்தது. தானாகத் தெளியும் என்று நம்பினேன். ஒன்றரை மாதம் கழிந்த இப்போது ஒவ்வொரு போத்தலின் அடியிலும் ஒரு விரற்கடை உயரத்துக்கு வெளிறிய மண்டி படிந்திருக்கிறது. ஊற்றச் சரித்தவுடன் அது கிளம்பி முழுவதையும் கலக்கிவிடுகிறது. இரண்டு போத்தல்கள் திறந்தவுடன் சோடாவைப் போல நுரைத்தன. குளிரூட்டியில் வைத்த போத்தலில் மட்டும் கற்கண்டுத் தூள் போன்ற மணிகள் ஒட்டியிருக்கின்றன. நத்தாருக்கு உறவினர் வரவிருக்கிறார்கள். மறுபடி துணியில் வடித்தால் போதுமா? குடிப்பதால் கேடு உண்டா?

பதில் (குருநகர்)

சகோதரி, வடிப்பதைப் பற்றி யோசிக்க முன்னர் அந்த நுரையைக் கவனியுங்கள். மண்டியைவிட அதுவே அவசரமானது. சீனி முழுவதும் நொதித்து முடியாத நிலையில் போத்தலை அடைத்திருக்கிறீர்கள். உள்ளே மதுவம் (ஈஸ்ட்) இன்னும் வேலை செய்கிறது. ஒரு லீற்றரில் 4 கிராம் சீனி மிஞ்சி நொதித்தாலே, அடைத்த போத்தலுக்குள் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடும். சாதாரண வைன் போத்தல் அதற்காகச் செய்யப்பட்டதல்ல; நம்முடைய வெக்கையில் அது வெடிக்கவும் கூடும். ஆகவே எல்லாப் போத்தல்களையும் ஓர் இரவு குளிரூட்டியில் வைத்து, மறுநாள் துவாயால் சுற்றிப் பிடித்து, முகத்துக்கு எதிர்ப்புறமாக ஒவ்வொன்றாகத் திறவுங்கள். எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்த கண்ணாடிச் சாடியொன்றில் கழுத்து வரை நிறைய ஊற்றி, மூடியில் ஒரு மெல்லிய குழாயைக் காற்றுப் புகாதவாறு பொருத்தி, அதன் மறுமுனையைத் தண்ணீர்க் குவளைக்குள் அமிழ்த்தி விடுங்கள். வாயு வெளியேறும், காற்று உள்ளே வராது. குமிழி அடியோடு நின்ற பின்னரும் மூன்று நான்கு வாரங்கள் இருட்டான, குளிர்ச்சியான மூலையில் அசைக்காமல் வையுங்கள்.

அடியில் இருப்பது பெரும்பாலும் செத்த மதுவமும் பழச் சதையுமே. கள்ளு முட்டியின் அடியில் தங்குவதும் இதுதான்; அப்பமாவைப் புளிக்க வைக்கக் கள்ளு விடுவதும் அதிலுள்ள மதுவத்துக்காகத்தான். சிறிதளவு குடித்தால் ஆபத்தில்லை, ஆனால் கசப்பும் மாவு மணமும் வரும், வயிறு ஊதலாம்.

பதில் (இளவாலை)

துணியில் வடிக்கவே வேண்டாம் அக்கா. மதுவம் ஒரு மில்லிமீற்றரில் இருநூறில் ஒரு பங்கு அளவானது. எந்த வேட்டித் துணியும் அதைப் பிடிக்காது. மாறாக, வடிக்கும் நேரமெல்லாம் வைன் காற்றில் நனைந்து நிறம் மங்கும், வினாகிரியாகவும் தொடங்கும். என் முதல் முயற்சியை நான் இப்படித்தான் கெடுத்தேன். சாடியில் மண்டி படிந்த பின்னர் அதை மேசைமேல் வைத்து, ஒரு குழாயின் முனையை மண்டிக்கு இரண்டு விரல் மேலே நிறுத்தி, மறுமுனையைக் கீழே உள்ள பாத்திரத்தின் அடியில் படவிட்டு இறக்குங்கள். கருப்பநீரைச் சுண்ணாம்பு அடியில் தங்கத் தெளிய வைத்து, மேலாக இறுத்தெடுக்கும் பழக்கம் நமக்கு உண்டல்லவா, அதே பொறுமைதான் இங்கும் வேண்டும். கடைசி அரைப் போத்தலுக்கு ஆசைப்படாதீர்கள்.

நத்தாருக்கு முன்னர் அவ்வளவு நாள் இல்லையென்றால், நுரைக்காத போத்தல்களில் இரண்டை மட்டும் குளிரூட்டியில் ஒரு வாரம் நிமிர்த்தி வைத்து, கழுத்துக்குப் பின்னால் மெழுகுதிரியோ ரோச் வெளிச்சமோ இருக்க, ஒரே சரிவில் நிறுத்தாமல் கூசாவுக்குள் ஊற்றுங்கள். மண்டி கழுத்தை எட்டும்போது வெளிச்சத்தில் புகை போலத் தெரியும்; அக்கணமே நிறுத்திவிடுங்கள். கலங்கல் போகட்டும் என்று காய்ச்சிவிட வேண்டாம். மது பறந்துவிடும், பழத்தின் பசைப்பொருளான பெக்ரின் கரைந்து நிரந்தர மங்கலாகிவிடும்.

பதில் (கோப்பாய்)

அந்த மணிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அவை முந்திரிகையிலுள்ள தார்த்தாரிக் அமிலத்தின் உப்பு. புளியம்பழத்திலும் இருக்கும் அதே அமிலம்தான். குளிரிலும் மதுவிலும் அந்த உப்பின் கரைதிறன் குறைவதால் படிகமாக இறங்குகிறது. தீங்கு எதுவுமில்லை. ஆனால் நம் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் தோண்டியவை. கேத்திலின் உள்ளே வெள்ளையாக ஒட்டும் கல்சியம் வைனுக்குள்ளும் சென்று, மாதங்கள் கழித்தும் மெல்லப் படிகமாகக்கூடும். இதைக் குளிரூட்டி முழுமையாகத் தீர்க்காது. அடுத்த முறை மழைநீரையோ காய்ச்சி வடித்த போத்தல் தண்ணீரையோ பாவியுங்கள். முடிந்தால் தண்ணீரே சேர்க்காதீர்கள்.

கேட்டவர் (உரும்பிராய்)

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்று காலை துவாய் சுற்றித்தான் திறந்தேன். எட்டில் ஐந்து நுரைத்தன. அந்த ஐந்தும் சாடிக்குள் போய்விட்டன, குழாயில் இப்போது நிமிடத்துக்கு நான்கைந்து குமிழிகள் வருகின்றன. மற்ற மூன்றையும் மறுபடி அடைத்துக் குளிரூட்டியில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன்.