ஸ்கிரீனிங்: சல்லடையா, கணிப்பா?

வணக்கம். கர்ப்பிணிகள் கையேட்டுக்கு வந்த சொற்பட்டியலில், கருவில் பிரச்சினைக்கு வாய்ப்பு உண்டா என்று முதலில் பார்க்கும் ‘ஸ்கிரீனிங்’ சோதனைக்குத் ‘திரையிடல்’ என்று இருக்கிறது. அது தங்கரீகல் தியேட்டரோடு நிற்கட்டும். ‘சல்லடைச் சோதனை’ பேசத் தகுந்த சொல்தான், ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. மாவு சலிக்கும்போது மேலே தங்குகிற கப்பியைத் தூரக் கொட்டுகிறோம். ‘உங்க பிள்ளை சல்லடையில நின்னுருச்சு’ என்று சொன்னால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லே முடிவு பண்ணிவிடுகிறது.

சோதனை செய்கிற வேலை அதுவல்ல. 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை, கருவின் தலையிலிருந்து பிட்டம் வரை நீளம் 45 முதல் 84 மி.மீ.க்குள் இருக்கும்போது, பிடரித் தோலுக்கடியில் உள்ள நீரின் தடிமனை என்.டி. ஸ்கேனில் அளக்கிறோம். தாயின் ரத்தத்தில் இரண்டு பொருள்களின் அளவு, அவர் வயது, எடை எல்லாம் சேர்த்து, குழந்தைக்கு டவுன் (21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் பிறவி நிலை) இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணினி ஓர் எண்ணைத் தருகிறது. 250-ல் 1 என்று வந்தால் பல ஆய்வகங்கள் ‘பாசிட்டிவ்’ என்று எழுதிவிடுகின்றன. அந்த எண் வந்த 250 பேரில் 249 பேரின் குழந்தைக்கு டவுன் இருக்காது. படிவத்தில் எடையையோ கர்ப்ப வாரத்தையோ தப்பாக எழுதினால் அந்த எண்ணும் தப்பாகிவிடும்.

என் முன்மொழிவு: இதற்கு ‘வாய்ப்பறி சோதனை’, பனிக்குட நீரை எடுத்துப் பார்ப்பதற்கு ‘உறுதிச் சோதனை’.

— ஸ்கேன் மருத்துவர், கே.கே. நகர், மதுரை

டாக்டரம்மா, ‘வாய்ப்பறி’யை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். வாய்ப்பைப் பறிக்கிற சோதனை என்றுதான் காதில் விழுகிறது. ‘கணிப்புச் சோதனை’ போதும்.

தாயின் ரத்தத்தில் உள்ள மரபணுத் துணுக்குகளைப் பார்க்கும் என்.ஐ.பி.டி.யையும் கணிப்பில்தான் சேர்க்க வேண்டும். விலை அதிகம் என்பதாலேயே அதை முடிவான சோதனை என்று வீட்டார் எடுத்துக்கொள்கிறார்கள். 10 வாரத்துக்கு மேல் தாயின் ரத்தத்தில் மிதக்கும் அந்த மரபணுத் துணுக்குகள் நஞ்சுக்கொடியிலிருந்து வருபவை. நஞ்சுக்கொடியில் இருக்கும் மாற்றம் பிள்ளையிடம் இல்லாமல் போவதுண்டு. அதில் பாசிட்டிவ் வந்தாலும் பனிக்குட நீரைப் பார்க்காமல் கலைக்கக் கூடாது என்று கையேட்டில் தனி வரியாகவே வரட்டும்.

இன்னொன்று, ‘குறைபாடு’ என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடைக்காதீர்கள். அக்கா மகளைக் கட்டினால் டவுன் வரும் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். சொந்தத்தில் கட்டினால் கூடுவது தலசீமியா (பரம்பரை ரத்தச்சோகை) போல, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்து சேரும் நோய்கள். டவுனுக்கான வாய்ப்பு தாயின் வயதோடு கூடும்.

‘கருச்சிதைவு’, ‘கருக்கலைப்பு’ இரண்டையும் பத்திரிகைகள் மாற்றி மாற்றி எழுதுகின்றன. ஊரில் ‘கலைஞ்சிருச்சு’க்கும் ‘கலைச்சுட்டாங்க’வுக்கும் யாரும் குழம்புவதில்லை.

— கிராம சுகாதார செவிலியர், உசிலம்பட்டி வட்டாரம்

சிஸ்டர் சொன்ன ‘கணிப்பு’க்கே என் ஓட்டும். ஜோசியக் கணிப்பு நினைவுக்கு வரும் என்று ஒரு மறுப்பு வந்திருக்கிறது. வரட்டுமே, இன்னொருவரிடமும் கேட்டுப் பார்ப்போம் என்று தோன்றினால் நல்லதுதானே.

‘உறுதிச் சோதனை’யின் கீழ் இந்த விவரம் போகலாம்: 15 வாரம் முடிந்த பின், ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் ஏறத்தாழ 15 முதல் 20 மில்லி நீர் எடுப்பார்கள். அதனால் கரு கலைய வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. தாயின் ரத்த வகை ஆர்.எச். நெகட்டிவ் என்றால், குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பொருள் உருவாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவைப்படும். அவசரச் சோதனையின் முடிவு வர இரண்டு மூன்று நாள். செல்களை வளர்த்துக் குரோமோசோம் முழுவதையும் பார்க்க இரண்டு மூன்று வாரம்.

சிக்கலே இந்த நாள் கணக்கில்தான். 20 வாரத்தில் ஸ்கேனில் ஏதோ தெரிந்து, முடிவு கைக்கு வரும்போது 23 ஆகிவிடுகிறது. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்து, 24 வரை குறிப்பிட்ட பிரிவினருக்கு இரண்டு மருத்துவர். அதற்கு மேல், தாயின் உயிரைக் காக்க உடனே தேவைப்பட்டால் தவிர, கணிசமான கருக் குறைபாடு என்று மருத்துவ வாரியம் சொன்னால்தான். எது ‘கணிசம்’ என்று சட்டம் நோய்ப் பட்டியல் தரவில்லை. மண்டையோடும் மூளையும் உருவாகாத குழந்தை பிழைக்காது. கிரகணம் பட்டது என்று ஊரில் சொல்லும் உதட்டுப் பிளவைத் தைத்துச் சரிசெய்துவிடலாம். டவுன் உள்ளவர் அறுபது வயது வரைகூட வாழலாம். மூன்றையும் ஒரே தட்டில் வைக்கிற சொல் நமக்கு வேண்டாம். அந்தந்த நிலையின் பெயரையே அச்சிடுவோம். ‘கணிசமான’ என்பதைச் சட்டப் பக்கத்தில் மட்டும் வைக்கலாம்.

அந்தப் பக்கத்தில் ஒரு வரியைத் தடித்த எழுத்தில் போட வேண்டும்: 18 வயது நிறைந்தவர் என்றால் கருக்கலைப்புக்கு அந்தப் பெண்ணின் சம்மதம் மட்டுமே சட்டப்படி தேவை. கணவர், மாமியார் கையெழுத்து எந்தப் படிவத்திலும் கட்டாயமில்லை.

— கையேட்டுத் தொகுப்பு, திருமங்கலம்