மகன் பெயரில் எஃப்.டி.: வட்டிக்கு வரி யார் கட்டுவது?

வரிப்புலி: வாட்ஸ்அப் குழுவில் ஒரு மேதாவியின் யோசனை. 16 வயது மகனுக்குப் பாத்திரம் கழுவ, கார் துடைக்க மாதம் 15,000 ரூபாய் சம்பளம் கொடுத்து, அதை அவன் பெயரில் எஃப்.டி. போட்டால் வட்டிக்கு வரியே இல்லையாம். மைனர் பெயரில் வரும் வட்டி, அப்பா அம்மாவில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில்தான் சேரும். இவரை யாராவது ஆடிட்டரிடம் கூட்டிப்போங்கள்.

ஈரோட்டுக்காரன்: அந்த மேதாவி நான்தான். வருமான வரிச் சட்டத்தில் மைனர் வருமானம் பற்றிய பிரிவை (1961 சட்டத்தில் 64(1ஏ)) முழுசாகப் படியுங்கள். மைனர் உடலுழைப்பில் சம்பாதித்ததைப் பெற்றோர் வருமானத்தோடு சேர்க்க மாட்டார்கள். கார் கழுவுவது உழைப்பில்லையா? உங்கள் வீட்டுக் கார் தானே குளித்துக்கொள்ளுமோ?

வரிப்புலி: விலக்கு கூலிக்கு. வட்டிக்கு யார் உழைத்தார்கள், பேங்க் மேனேஜரா?

மூன்று பிள்ளைத் தகப்பன்: பெற்ற பிள்ளை தட்டு கழுவச் சம்பளமா? நாளைக்குச் சாப்பிட உட்கார்ந்ததற்கும் படி கேட்பான்.

ஈரோட்டுக்காரன்: மரம் அவனுடையது என்றால் பழமும் அவனுடையதுதான்.

வரிப்புலி: மரக்கதை வேண்டாம். வட்டி உழைப்பில் வந்ததா, முதலீட்டில் வந்ததா?

கோவைக் கணக்கு: அதற்கு முன்னால் ஒன்று. சம்பளக்காரர் மகனுக்குக் கொடுப்பதைத் தன் வருமானத்தில் கழிக்கவே முடியாது. வியாபாரிக்கும் வீட்டு வேலை சொந்தச் செலவுதான். கடை வேலை என்றால் வேறு, அங்கேயும் நியாயத்துக்கு மேல் கொடுத்தால் கூடுதலைச் செலவாக ஏற்க மாட்டார்கள் (1961 சட்டத்தில் 40ஏ(2)). அப்பா கொடுப்பது கூலியா அன்பளிப்பா என்பதையே நீங்கள்...

வரிப்புலி: அதெல்லாம் அப்புறம் சார். வட்டி?

ஈரோட்டுக்காரன்: பிள்ளைக்கு 1,500 ரூபாய் விலக்கு இருப்பதாவது புலிக்குத் தெரியுமா?

வரிப்புலி: பழைய வரிமுறையில் மட்டும். ஒரு வருடச் சம்பளம் 1,80,000 ரூபாய்க்கு 7% வட்டி என்றால் 12,600. 1,500 போக 11,100 யார் தலையில்?

ஈரோட்டுக்காரன்: எச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப்படி) விவாதத்திலும் இதே பல்லவிதான் பாடினீர்கள். அம்மாவுக்கு நான் வாடகை கொடுத்தது செல்லும் என்று கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

வரிப்புலி: அம்மா அதை ரிட்டர்னில் காட்டினார்களா என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

பல்லடம் அக்கா: மகனுக்கு 15,000 சரி. மகள் தோசை சுட என்ன ரேட்?

ஈரோட்டுக்காரன்: அவளுக்கு 19 வயது, மைனர் இல்லை.

பல்லடம் அக்கா: வரிக்கு உதவாதவள் சும்மா சுடட்டும், அப்படித்தானே?

கோவைக் கணக்கு: உதவாதவளா? 19 வயது மகளுக்குச் சும்மாவே பணம் கொடுத்து எஃப்.டி. போட்டால் வட்டி அவளுடைய வருமானம். ஒரு பாத்திரம் கழுவ வேண்டாம்.

ஈரோட்டுக்காரன்: நான் வரிக்காகச் செய்யவில்லை. பையனுக்கு உழைப்பின் அருமை தெரியட்டும் என்றுதான்.

வரிப்புலி: “வரி மிச்சம்” என்று நீங்கள் போட்டதற்கு ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

ஈரோட்டுக்காரன்: போடுங்கள். கூடவே மனைவி பெயரில் நீங்கள் வாங்கிய கடையின் வாடகை யார் கணக்கில் போகிறது என்றும் போடுங்கள்.

வரிப்புலி: அது மாமனார் கொடுத்த பணம்.

பல்லடம் அக்கா: வரதட்சணையா?